ஐஸ் அக்காவின் பதினைந்து நிமிடம்

ஐஸ் அக்காவுக்கு அந்தப் பெயர் அவள் குணத்தைப் பார்த்து வைத்ததல்ல. குணத்தைப் பார்த்து வைத்திருந்தால் அடுப்பு அக்கா என்றுதான் வைத்திருக்க வேண்டும். நீல மூடி போட்ட ஐஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நடக்கத் தொடங்கி இருபத்தொரு வருடம் ஆகிறது. புதிதாக வந்த டாக்டர்களுக்கு அவள் முகம் மறந்தாலும் பெட்டி மறக்காது.

வேலை இதுதான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நர்ஸ் போன் செய்வாள்: "அக்கா, எடுத்தாச்சு." புற்றுநோய்க் கட்டியை உடம்பிலிருந்து வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று பொருள். ஐஸ் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியைக் குறித்துக்கொண்டு பெட்டியோடு கிளம்புவாள். அங்கே இரண்டு சின்னக் கிண்ணங்கள் கொடுப்பார்கள். ஒன்றில் கட்டியிலிருந்து ஒரு துண்டு. இன்னொன்றில் அதே ஆளின், கட்டிக்குச் சற்றுத் தள்ளி நோய் தொடாத இடத்திலிருந்து ஒரு துண்டு. இரண்டும் பட்டாணி அளவு. அவற்றைக் கொண்டுவந்து, குழாயில் போட்டு, திரவ நைட்ரஜனில் இறக்குவாள். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், அந்தத் துண்டுக்குக் காலம் நின்றுவிடும். பிறகு பெரிய உறைபெட்டியில் வரிசையாக அடுக்கிவைப்பாள். என்றைக்காவது ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்து கேட்கும்வரை அது அங்கே தூங்கும்.

எல்லாவற்றையும் அவள் ஒரு நோட்டில் பென்சிலால் எழுதுவாள். பேனா மை ஸ்பிரிட் பட்டால் ஓடிவிடும், பென்சில் ஓடாது. வெட்டிய மணி, உறையவைத்த மணி, கடைசியில் ஒரே ஒரு சொல்: 'லிப்ட்', 'நர்ஸ் மறதி', 'டாக்டர் பேச்சு'. பதினோரு நோட்டுகள் கையுறை டப்பாக்களுக்குக் கீழே இரும்பு இழுப்பறையில் கிடந்தன. யாரும் கேட்டதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஒரு படிவம். 'வெட்டியதற்கும் உறையவைத்ததற்கும் இடையே எத்தனை நிமிடம்?' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் பதினைந்து என்ற எண் முன்னமே உட்கார்ந்திருக்கும். செவ்வாய்க்கிழமைகளில் அது ஏறக்குறைய உண்மை, ஏனென்றால் அன்றைய தியேட்டர் எதிர் வராந்தாவில் இருந்தது. வெள்ளிக்கிழமை வேறு கதை. முற்றிப் பரவிய பெரிய கேஸ்களையெல்லாம் பார்க்கும் சர்ஜன், பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில் கத்தி பிடிப்பார். வெட்டிய துண்டை மாணவர்களுக்கு அரை மணி நேரம் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார். அங்கே இருந்த ஒரே லிப்ட்டில் சாப்பாட்டு வண்டிகளும் ஏறி இறங்கும். நாற்பது நிமிடம், ஐம்பத்திரண்டு, எழுபதுகூட ஆகும்.

முதல் வெள்ளிக்கிழமை ஐஸ் அக்கா கட்டத்தில் நாற்பத்தேழு என்று அடித்தாள். திரை சிவந்தது. 'காரணம் கூறுக. துறைத் தலைவரின் அனுமதி தேவை' என்றது. துறைத் தலைவருக்கு 'அப்புறம் சார்' என்று பெயர். எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். நாற்பத்தேழு நிமிடக் காரணத்தையும் அப்படித்தான் கேட்டார். அனுமதி வராமல் கட்டம் பதினைந்துக்கே திரும்பியது. மறு வெள்ளிக்கிழமை முதல் ஐஸ் அக்கா அந்தக் கட்டத்தைத் தொடவில்லை. பதினைந்து, பதினைந்து, பதினைந்து. உண்மை பென்சிலில் இருந்தது, அது போதும் என்று நினைத்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் சின்னவள் வந்தாள்.

சின்னவள் என்றால் கொழுந்தன் பெண்டாட்டி, ஐஸ் அக்காவின் ஓரகத்தி. இரண்டு வருடத்துக்கு முன் கல்யாணமாகி வந்து மாடிப் போர்ஷனில் குடியேறினாள். உயிரியலும் கம்ப்யூட்டரும் சேர்ந்த படிப்பில் டாக்டர் பட்டம். ஐஸ் அக்காவும் ஒரு காலத்தில் டிப்ளமாவோடு நிறுத்தாமல் மேலே படிக்க விண்ணப்பம் வாங்கிவைத்தவள்தான். அது நிரப்பாமலே எங்கோ போயிற்று. அந்த வருடம் மகள் பிறந்தாள். மாமியாருக்கு டைபாய்டு வந்தது. கொழுந்தனுக்குக் கல்லூரி ஆரம்பித்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. குறை சொல்ல ஆள் இல்லாத வருத்தம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

முதலில் மாமியார் அவள் பக்கம் போனாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் லைன் மாற்றிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். பதினாறு வருடமாகச் சாயங்காலம் சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, தெருவில் நடந்ததையெல்லாம் பெரிய மருமகளிடம்தான் கொட்டுவாள். முட்டி வலி என்று தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதவள், இப்போது பதினெட்டுப் படி ஏறி மாடிக்குப் போனாள். ஸ்டூல் மட்டும் கீழே இருந்தது.

அடுத்து மகள். பதினாலு வயது. கணக்குப் போட மாடிக்குப் போனவள், கணக்கு முடிந்தும் இறங்கவில்லை. "சித்தி சொன்னாங்க", "சித்தி அப்படிச் செய்ய மாட்டாங்க". உப்புப் போதவில்லை என்பதைக்கூடச் சித்தியின் வாக்காகவே சொன்னாள்.

கடைசியில் வீட்டுக்காரர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். சின்னவளுக்குத் தலை வலிக்கிறது என்றதும் மூன்றே நாளில் இறகு போல ஒரு பிரேம் செய்து கொடுத்தார். ஐஸ் அக்காவின் கண்ணாடிக் காலில் திருகாணி விழுந்து ஒரு வருடமாகிறது. கறுப்பு நூல் சுற்றி வைத்திருந்தாள். "நாளைக்குப் பார்க்கறேன்" என்று அவர் சொன்ன நாளை இன்னும் விடியவில்லை.

சரி, வீட்டில்தானே, ஆஸ்பத்திரிக்குப் போனால் தன் ராஜ்யம் என்று இருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் அங்கேயும் வந்து சேர்ந்தாள் சின்னவள், ஆராய்ச்சிப் பிரிவில். முதல் நாளே நெடுவராந்தா முழுக்கக் கேட்கும்படி "அக்கா!" என்று கூப்பிட்டாள். அப்புறம் சார், "நம்ம டாக்டர் வந்தாச்சா?" என்று தினமும் கேட்டார். அதுவும், அவள் சொன்னதை உட்கார்ந்து கேட்டார்.

ஐஸ் அக்காவுக்கு வயிறு எரிந்தது. எரிகிறது என்று அவளுக்கே தெரியும். சின்னவள் கெட்டவளாக இருந்தால் சௌகரியமாக வெறுக்கலாம். அவள் சாப்பிட்ட தட்டை அவளே கழுவி வைத்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் சின்னவள் தன் ஆராய்ச்சியை விளக்கினாள். மகள் கேட்டிருந்தாள்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஆயிரக்கணக்குல புரோட்டீன் இருக்கு. எதுவும் தனி ஆளா வேலை செய்யாது. ஒண்ணு இன்னொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டுதான் வேலை நடக்கும். யார் யாரோட கை கோத்திருக்காங்கன்னு கோடு போட்டா வலை மாதிரி வரும். நோய் வந்த இடத்துல எது கூடியிருக்கு, எது குறைஞ்சிருக்குன்னு பெரும்பாலும் தலையத்தான் எண்ணுவாங்க. சில சமயம் தலை எல்லாம் அப்படியே இருக்கும். ஆனா கை மாறியிருக்கும். நான் அதைத்தான் தேடறேன். பரவற கட்டியில எந்தக் கை விட்டுப்போச்சு, எந்தக் கை புதுசா சேர்ந்தது? அது தெரிஞ்சா, யாருக்கு நோய் பரவப் போகுதுன்னு முன்கூட்டியே சொல்ல ஒரு அடையாளம் கிடைக்கும்."

மாமியார் மேசையைத் தட்டினாள். "இதைத்தானேடி நான் முப்பது வருஷம் பார்த்தேன்! ஊருல ஒரு ஆள்கூடக் குறைஞ்சிருக்க மாட்டான். ஆனா ஒரு வீட்டுலேருந்து இன்னொரு வீட்டுக்குத் திடீர்னு லைன் போகலைன்னா, சரி, அங்க சண்டைன்னு சொல்லிடுவேன். தப்பவே தப்பாது."

"அத்தை, நீங்கதான் என் புரொபசர்" என்றாள் சின்னவள்.

மகள் உற்சாகமாகி ஒரு தாளில் வீட்டையே வரைந்தாள். ஆறு வட்டம். சித்திக்கும் பாட்டிக்கும் தடித்த கோடு. சித்திக்கும் தனக்கும் அதைவிடத் தடித்த கோடு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மெல்லிய ஒன்று. பிறகு பென்சிலைக் கடித்து யோசித்து, ஏழாவதாக ஒரு சதுரம் போட்டு 'ஐஸ் பெட்டி' என்று எழுதி, அம்மாவிலிருந்து அதற்குப் பட்டையாக ஒரு கோடு இழுத்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஐஸ் அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்க் கழுவின தட்டுகளையே மறுபடி கழுவினாள். அந்தத் தாளைப் பிரிட்ஜ் கதவில் யாரோ காந்தம் வைத்து ஒட்டிவிட்டார்கள்.

சின்னவள், ஐஸ் அக்கா உறையவைத்த கட்டிகளில் கடைசி நான்கு வருடத்து நானூற்றுப் பன்னிரண்டை எடுத்து ஆராய்ந்தாள். இருந்த இடத்திலேயே இருந்த கட்டிகள் ஒருபுறம், பரவிய கட்டிகள் மறுபுறம். முப்பத்தொரு ஜோடிப் புரதங்களின் சேர்க்கை பரவிய கட்டிகளில் மாறியிருந்தது. பெரும்பாலானவை கையை விட்டிருந்தன. அதில் ஒரு ஜோடி பளிச்சென்று தெரிந்தது. அப்புறம் சார் "அப்புறம்?" என்று கேட்டு, பதிலுக்கும் காத்திருந்தார். வெளியிலிருந்து நிபுணர் குழு ஒன்றை வரவழைத்தார். அவர்கள் ஒப்புக்கொண்டால், இன்னொரு ஆஸ்பத்திரியின் சாம்பிள்களிலும் இதைச் சோதித்துப் பார்ப்பார்கள். அதற்கு முன் கண்ணால் ஒரு சாட்சி வேண்டும். அந்த வேலை ஐஸ் அக்காவுக்கு வந்தது.

உறைந்த துண்டைப் பூ இதழைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒரு சாயம் ஏற்ற வேண்டும். அந்த ஜோடி கை கோத்து நிற்கும் இடத்தில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். எத்தனை புள்ளி என்று எண்ண வேண்டும். எண்ணுவதற்கு மெஷின் உண்டு, ஆனால் எல்லோரும் அவள் கண்ணைத்தான் நம்பினார்கள். அவளிடம் ஒரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு தகட்டிலும் இடது ஓரத்தில் அதே நோயாளியின் நோயில்லாத துண்டிலிருந்து ஒரு சீவலை ஒட்டிவைப்பாள், சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று தனக்கே தெரிய. யாரும் சொல்லி வந்ததல்ல. சமைக்கிறவள் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது போல.

செவ்வாய்க்கிழமைக் கட்டியை வைத்துப் பார்த்தாள். மழைத் தூறல் போலச் சிவப்புப் புள்ளிகள். வெள்ளிக்கிழமைக் கட்டியை வைத்தாள். அங்கொன்று இங்கொன்று. சின்னவள் சொன்னது அப்படியே இருந்தது. நூல் சுற்றிய கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு ஐஸ் அக்கா பல்லைக் கடித்தாள். எப்படித்தான் எல்லாம் அவளுக்கே அமைகிறதோ?

கண் தற்செயலாக இடது ஓரத்துக்கு வழுக்கியது. நோயில்லாத சீவல். அங்கேயும் அங்கொன்று இங்கொன்றுதான்.

வேறு வெள்ளிக்கிழமைத் தகடு. அதே கதை. செவ்வாய்க்கிழமைத் தகட்டின் ஓரம், தூறல். நல்ல இடத்தில் ஏது நோய்? அங்கே ஏன் கை விட்டுப்போக வேண்டும்? கேள்வியை முடிப்பதற்குள் அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து பென்சில் நோட்டைப் புரட்டினாள். ஐம்பத்திரண்டு நிமிடம். லிப்ட். அடுத்தது, அறுபத்தொன்று. டாக்டர் பேச்சு.

கையை விட்டது நோயால் அல்ல, காத்திருந்ததால். உடம்பைவிட்டு வெளியே வந்த துண்டு ஐஸ் பெட்டிக்காகப் பார்த்துப் பார்த்துக் களைத்துக் கையை விட்டிருக்கிறது. முற்றிய கேஸ்களெல்லாம் வெள்ளிக்கிழமை, தாமதமெல்லாம் வெள்ளிக்கிழமை. கம்ப்யூட்டரோ எல்லாமே பதினைந்து நிமிடம் என்கிறது. பாவம், சின்னவள் லிப்ட்டைப் பார்த்துப் புற்றுநோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஐஸ் அக்காவுக்குச் சிரிப்புப் பொங்கியது. சிரிப்பு பாதியில் உறைந்தது. அந்தப் பதினைந்தைப் போட்டவள் யார்? சின்னவளின் தப்பைச் சொன்னால் தன் தப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இருபத்தொரு வருடப் பெயர் ஒரு கட்டத்துக்குள் போய்விடும். வேலையும் போகலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால்? அடுத்த ஆஸ்பத்திரியில் இந்த ஜோடி நிச்சயம் காலை வாரிவிடும். அது வெறும் பழைய சாம்பிளில் நடக்கும் சோதனை, நோயாளி யாருக்கும் கெடுதல் இல்லை. அவமானம் ஒருத்திக்கு மட்டும்.

கட்டியின் எண்ணிக்கையை மட்டும் எழுதிக் கொடுத்தாள். ஓரத்துச் சீவலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அடுத்த மூன்று வாரம் அவள் சின்னவளிடம் காட்டிய பிரியம் இருக்கிறதே! கேட்காமலே குழம்பு மாடிக்குப் போனது. மழைக்கு முன்னால் மாடிக் கொடித்துணி மடித்து வைக்கப்பட்டது. "நல்லா பண்ணு, உன்னை விட்டா யாரு இருக்கா?" என்று தோளைத் தட்டினாள்.

மாமியாருக்கு மூக்கு வியர்த்தது. "என்னடி பெரியவளே, முகத்துல பல்பு எரியுது?"

"ஏன், எரியக் கூடாதா?"

"எரியட்டும். யார் வீட்டுக் கரண்ட்டுன்னுதான் பார்க்கறேன்."

வீட்டுக்காரருக்கும் புரிந்தது. ஒரு மதியம் சாப்பாட்டுக் கேரியரைக் கொடுக்க அவள் கடைக்குப் போனபோது, தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"உன் மூக்கு மேல ஏதோ ஒண்ணு உட்கார்ந்திருக்கு. என்ன அது?"

"நூல் கட்டின கண்ணாடி. வேற என்ன?"

அவர் இருமினார். "அதைச் சொல்லல."

"ஒருத்தி உடைஞ்ச படியில கால் வைக்கப் போறா. படி உடைஞ்சது எனக்கு மட்டும்தான் தெரியும்."

"யாரு?"

"யாரோ."

"மாடியில இருக்கற யாரோவா?" மெஷினை நிறுத்தினார். "சொல்லிட வேண்டியதுதானே?"

"படிய உடைச்சது நானு."

அவர் லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு என்கிட்ட பவர் இல்ல, தாயே" என்றார்.

வியாழக்கிழமை காலை குழு வந்தது. ஆறு பேர். ஐஸ் அக்கா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னவள் மேடையில் நின்று பேசினாள். தெளிவாக, நிதானமாக, இறகுக் கண்ணாடி பளபளக்க. திரையில் வலை விரிந்தது. கோடுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஆறு பேரும் பேனாவை எடுத்தார்கள். ஐஸ் அக்காவுக்கு எரிந்தது. ஆனால் இது இனிப்பான எரிச்சல். ஏறு, இன்னும் ஏறு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கடைசியில் திரையில் ஒரு போட்டோ வந்தது. நீல மூடிப் பெட்டியோடு வராந்தாவில் விரையும் ஒரு பெண், பின்னாலிருந்து எடுத்தது.

"எங்க முடிவு தப்பா இருக்க வழி ஒண்ணு உண்டு," என்றாள் சின்னவள். "சாம்பிளை உறைய வைக்க லேட் ஆனா எல்லாமே கெட்டுடும். நான் கொஞ்சம்கூடக் கவலைப்படல. நானூத்திப் பன்னெண்டு சாம்பிள், ஒண்ணுகூடப் பதினைஞ்சு நிமிஷம் தாண்டல. இப்படி ஒரு கை வேற எங்கயும் கிடையாது. இவங்கதான் எங்க வீட்டுலயும் பெரியவங்க. அக்கா, எழுந்து நில்லுங்க."

கை தட்டினார்கள். ஆறு நிபுணர்களும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். இருபத்தொரு வருடத்தில் அவளுக்காக யாரும் தட்டாத கை. அதையும் இவள்தான் எடுத்துக் கொடுக்கிறாள், மேடையில் நின்றுகொண்டு, பந்தியில் பரிமாறுவது போல! மகளை எடுத்துக்கொண்டாள், மாமியாரை எடுத்துக்கொண்டாள், இப்போது பாராட்டைக்கூட இவள் போட்டால்தான் தனக்குச் சாப்பாடா?

ஐஸ் அக்கா எழுந்து நின்றாள். "அது பொய்" என்றாள்.

கைதட்டல் அறுந்து விழுந்தது. அப்புறம் சார் மெல்ல, "அப்புறம்?" என்றார்.

அப்புறம் அவள் சொன்னாள். சிவந்த திரை, தொடாத கட்டம், நான்காவது மாடி, லிப்ட், ஓரத்துச் சீவல், எல்லாம். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. தன்னைத்தான் வெட்டிக்கொள்கிறோம் என்று தெரிந்தும் நிற்கவில்லை, ஏனென்றால் கத்தி அந்தப் பக்கமும் இறங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னவள் முகம் வெளுத்தது. மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்தாள். குழு கோப்புகளை மூடியது. இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

எல்லோரும் வெளியேறினார்கள். ஐஸ் அக்கா காத்திருந்தாள். அழுகையோ, வசவோ, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். சொல்லப்போனால் ஆசையாகவே இருந்தாள்.

சின்னவள் தலையைத் தூக்கினாள். "நோட்டு எங்க இருக்கு?" என்றாள்.

"எது?"

"பென்சில் நோட்டு. நாலு வருஷத்துதும் இருக்கா? நிமிஷத்தோட?"

பசித்தவள் கண் போல இருந்தது அவள் கண். ஐஸ் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விழுந்த இடத்திலும் இவள் எதையோ பொறுக்குகிறாளே!

மறுநாள் முதல் மதிய வேளைகளில் உறைபெட்டி அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டே இருக்கும். ஐஸ் அக்கா நோட்டைப் படிப்பாள், சின்னவள் கம்ப்யூட்டரில் அடிப்பாள். மூன்று நாள் எண்களைத் தவிர ஒரு பேச்சில்லை. நான்காம் நாள், நூற்று எண்பதாவது சாம்பிளில், சின்னவளின் விரல் நின்றது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"குழு வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி."

"மூணு வாரமா குழம்பு குடுத்துக்கிட்டு, தெரிஞ்சும் சொல்லல?"

"சொல்லல."

"ஏன்?"

"நீ விழணும்னு."

மோட்டார் உறுமியது. சின்னவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். காது மடல் சிவந்திருந்தது. "குழம்புல உப்பு ஜாஸ்தி" என்றாள். "அடுத்த நம்பர் சொல்லுங்க."

ஐஸ் அக்கா சொன்னாள்.

நானூற்றுப் பன்னிரண்டும் ஏறியது. உண்மையான நிமிடங்களை வைத்து மறுபடி கணக்குப் போட்டால், முப்பத்தொரு ஜோடியில் இருபத்தொன்பது கரைந்துபோயின. பளிச்சென்று தெரிந்த அந்த ஜோடியும் போயிற்று. இரண்டு மிஞ்சின. ஒன்று பலவீனம். மற்றது இருபத்தேழாவது இடத்தில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடந்தது. அது கையை விட்ட ஜோடியே அல்ல. பரவும் கட்டிகளில் மட்டும் புதிதாகக் கை கோத்த ஜோடி. ஐஸ் அக்கா அதற்குச் சாயம் ஏற்றிப் பார்த்தாள். பரவாத கட்டியில் ஒன்றிரண்டு. நோயில்லாத சீவலில், எழுபது நிமிடம் காத்திருந்ததில்கூட, ஒரு புள்ளி இல்லை. பரவிய கட்டியில் தூறல். மூன்று தடவை சீவி மூன்று தடவை எண்ணினாள். தப்புக் கண்டுபிடிக்கத்தான் எண்ணினாள். தப்பு இல்லை.

இதுதான் நோயின் அடையாளம் என்று இப்போதே யாரும் சொல்லவில்லை. எத்தனையோ பேரின் துண்டுகளில் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். ஆனால் குழு இரண்டாம் முறை வந்தபோது பேனாவை எடுத்தவர்கள் மூடவில்லை. வேறோர் ஆஸ்பத்திரியின் சாம்பிள்கள் கேட்டு எழுதினார்கள். கூடவே, உறையவைத்த நிமிடங்களின் மூல நோட்டும் வேண்டும் என்று எழுதினார்கள்.

அலுவலகத்திலிருந்து ஐஸ் அக்காவுக்கு மெமோ வந்தது. நான்கு வருடம் தவறான நேரம் பதிவு செய்ததற்கு விளக்கம் தர வேண்டும். சின்னவள் அவளாகவே உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு பதில் எழுதிக் கொடுத்தாள். படித்தால் கல்லும் கரையும். இவளுக்கு இதுவும் வருகிறது என்று ஐஸ் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தானே எழுதினாள்: 'பதினைந்து என்று விட்டது நான்தான். உண்மை நேரம் நோட்டில் இருக்கிறது.' எச்சரிக்கையோடு விட்டார்கள். கட்டத்தில் முன்னமே உட்கார்ந்திருந்த பதினைந்தையும் எடுத்துவிட்டார்கள். திரை சிவப்பது மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் உண்மையை அடிப்பாள், அது சிவக்கும், அப்புறம் சார் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

வீட்டுக்காரர் ஒரு நாள் புதுக் கண்ணாடி கொண்டுவந்தார். இறகு போன்ற பிரேம். ஐஸ் அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவளுக்குப் போட்ட மாதிரியே இருக்கே?"

"அதே மாடல்தான். நல்லாயிருக்குன்னு..."

"அவளுக்குப் போட்டதை எனக்குப் போடறீங்களா?" டப்பாவை மூடினாள். நூலை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

ஆராய்ச்சிக் கட்டுரையில் அவள் பெயரும் சேர்ந்தது, சின்னவள் பெயருக்கு அடுத்ததாக. அடுத்ததாக என்பதை அவள் கவனிக்காமல் இல்லை.

இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வருகிறாள். வெள்ளிக்கிழமைச் சாம்பிள்களின் நிமிடங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமைவரை அவளுக்குப் பொறுக்காது. மாடிப்படியின் கீழ்ப்படியில் இருவரும் உட்கார்ந்து, ஒருத்தி படிப்பாள், ஒருத்தி எழுதுவாள். நடுநடுவே சர்ஜனை வைவார்கள். மகள் பிரிட்ஜ் கதவுத் தாளைப் பார்த்துவிட்டு, ஐஸ் பெட்டியிலிருந்து சித்திக்கும் ஒரு கோடு போட்டாள். ஐஸ் அக்கா அதைப் பார்த்தாள். தன் வட்டத்துக்கும் மகள் வட்டத்துக்கும் நடுவில் இன்னும் ஒன்றும் இல்லை என்பதையும் பார்த்தாள்.

போன சனிக்கிழமை கடைசிச் சாம்பிளுக்கு வந்திருந்தார்கள். மாடியில் கதவு திறந்தது. மாமியார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"சின்னவளே, காபி ஆறிப்போச்சு. எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கேன் தெரியுமா?"

"இதோ வந்துட்டேன் அத்தை."

"அப்படி என்னதான் பேச்சோ ரெண்டு பேருக்கும்? எப்பப் பார்த்தாலும் லைன் எங்கேஜ்டாவே இருக்கு."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று ஐஸ் அக்காவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நுனி லேசாக நெளிந்த அந்தச் சத்தத்தை அவள் இரண்டு வருடம் தனக்குள்ளேயே கேட்டுப் பழகியிருந்தாள். தலையைத் தூக்காமல் நோட்டைப் பார்த்தாள். படிக்க ஒரே ஒரு வரிதான் மிச்சம் இருந்தது.

அவள் நிதானமாகப் பக்கத்தைப் பின்னால் புரட்டினாள்.

"எதுக்கும் முதல்லேருந்து ஒரு தடவை சரி பார்த்துடலாமா?" என்றாள்.